சர்வர் மேல் பழி போடாத ஒரு நாள்

வெப்சைட் கட்டித் தருகிற தொழிலுக்கு இரண்டு பொய்கள் இருந்தால் போதும், காலத்தை ஓட்டிவிடலாம்: ‘இன்னைக்குச் சாயங்காலம் முடிஞ்சிரும்’, ‘சர்வர் பிரச்சினை’. இந்தப் பிழைப்பில் இருக்கிற நீங்களும் இரண்டையும் சொல்லியிருப்பீர்கள். தலையைக் குனிய வேண்டாம், நான் பதினோரு வருடமாகத் தூத்துக்குடியில் உட்கார்ந்து சொல்லிவந்தவள். இரண்டாவது பொய்யை ஒருநாள் மைக் பிடித்து வாபஸ் வாங்கினேன். அந்தக் கூத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

ஏறுகிற கோடு

ஒரு பெருநகரத்தில் நடந்த மாநாட்டுக்கு, கட்டணம் கட்டிப் போயிருந்தேன். வெப்சைட் செய்கிறவர்களும் ஆன்லைன் விளம்பரம் பார்க்கிறவர்களும் தங்களுக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற நாள் என்று அழைப்பில் போட்டிருந்தார்கள். காலையிலிருந்து மேடையேறிய ஒவ்வொருவரும் ஒரு படம் காட்டினார்கள். எல்லாப் படத்திலும் கோடு இடது பக்கம் கீழே ஆரம்பித்து வலது பக்கம் மேலே போனது. ஒருவருடைய தளமும் ஒருநாளும் படுத்ததில்லையாம், ஒருவருடைய விளம்பரமும் ஊத்திக்கொண்டதில்லையாம். எனக்கு மட்டும்தான் இதெல்லாம் நடக்கிறதோ என்ற பயத்தோடு சாப்பிடப் போனேன்.

சாப்பாட்டு வரிசையில் பக்கத்தில் நின்ற பேச்சாளர் எந்த ஊர் என்று விசாரித்தார். சொன்னேன். தட்டில் கேசரியை வைத்துக்கொண்டே, உண்மையான அக்கறையோடு கேட்டார்: “தூத்துக்குடியா? அங்க வெப்சைட் யாருக்குங்க வேணும்?”

நானே போட்ட விதி

கோபம் ஆறுவதற்குள் எங்கள் வாட்ஸ்அப் குழுவை ஒரு டீக்கடையில் கூட்டினேன். ஊரில் இதே பிழைப்புப் பிழைக்கிற ஒன்பது பேர். நம் ஊரிலேயே, தமிழிலேயே, நாமே ஒரு மாநாடு போடுவோம் என்றேன். உடனே சரி என்றார்கள். விதி ஒன்றே ஒன்று: பேசுகிற ஒவ்வொருவரும் தான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும், அந்தத் தப்பால் அடிபட்ட வாடிக்கையாளர் முன் வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். இதைச் சொன்னதும் எல்லாரும் டீயைக் குடிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முதல் பேச்சு என்னுடையது என்று அறிவித்தேன்.

அறிவித்த பிறகுதான் எந்தத் தப்பைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைவு வந்தது; அதையும் அங்கேயே சொல்லிவிட்டேன். குலசேகரன்பட்டினத்தில் தசராவுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டுகிறவர்களுக்குச் சாமான் விற்கிற அண்ணாச்சிதான் என் முதல் வாடிக்கையாளர். கிரீடம், சடைமுடி, தகர வாள் எல்லாம் அவரிடம் கிடைக்கும். முந்தின தசரா நெருங்குகையில் அவர் தளத்துக்குப் புதிய ஆர்டர் படிவம் போட்டேன். சோதித்துப் பார்ப்பதற்காக, ஆர்டர் எல்லாம் என்னுடைய சோதனை மெயிலுக்கு வருகிற மாதிரி வைத்திருந்தேன். அதை அண்ணாச்சியின் மெயிலுக்கு மாற்ற மறந்துபோனேன். ஒன்பது நாள், முப்பத்தொன்பது ஆர்டர், நான் திறந்தே பார்க்காத பெட்டியில் விழுந்து கிடந்தன. ஒன்றுகூட வரவில்லையே என்று அண்ணாச்சி கேட்டபோதுதான் பார்த்தேன். சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, சர்வர் பிரச்சினை என்று சொன்னேன். அந்த முப்பத்தொன்பதையும் அவருக்கு அனுப்பவில்லை. அனுப்பினால் என் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கிளாட்சன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். மணப்பாட்டுக்காரன், எங்கள் குழுவில் விளம்பர வேலை பார்க்கிறவன், எதையும் பூசி மெழுகத் தெரியாதவன். “யக்கா, அண்ணாச்சி ஒருத்தரு போனா போறாரு. இதக் கேட்டுட்டு ஊர்ல வேற எவன் ஒங்களுக்கு வேல குடுப்பான்?”

மதுரைக்கு மாற்றச் சொன்னவர்

வெப்சைட்டுகளுக்கு இடம் வாடகைக்கு விடுகிற கம்பெனி ஒன்றிலிருந்து ஒருவர் வந்தார். சாப்பாடு, புரொஜெக்டர், பேனர் எல்லாம் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மூன்று நிபந்தனை: மதுரையில் நடத்த வேண்டும், ஆங்கிலத்தில் நடத்த வேண்டும், தப்பைச் சொல்லும் விதியை எடுத்துவிட வேண்டும். மறைக்காமல் சொல்கிறேன், மூன்றாவது நிபந்தனையைக் கேட்டதும் அவரைக் கும்பிடலாம் போலிருந்தது. தலையை ஆட்டினால் போதும், அண்ணாச்சி முன்னால் நான் நிற்க வேண்டியதில்லை.

ஆனால் கேசரித் தட்டு கண் முன்னால் வந்தது. மூன்றுக்கும் முடியாது என்று சொல்லிவிட்டேன். புரொஜெக்டரை ஒரு டியூஷன் சென்டரில் இரவல் வாங்கிக்கொள்வோம், சாப்பாட்டுக்கு ஒன்பது வீட்டிலும் ஆளுக்கொரு பாத்திரம் என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “ஒரு சின்ன ஊர் மீட்டிங்குக்கு இவ்வளவு ரோஷம் ஆகாதுங்க மேடம்.”

சுவரில் தொங்கிய கிரீடங்கள்

அண்ணாச்சியை அழைக்க நானே குலசேகரன்பட்டினம் போனேன். கடைச் சுவரில் முந்தின வருடத்துக் கிரீடங்கள் பிளாஸ்டிக் பைக்குள் வரிசையாகத் தொங்கின. அவை ஏன் விற்காமல் போயின என்று அந்தக் கடையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அண்ணாச்சி குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

விதியைச் சொன்னேன். நான் செய்த ஒரு தப்பைப் பற்றிப் பேசப் போகிறேன், நீங்கள் முன் வரிசையில் உட்கார வேண்டும் என்றேன். எந்தத் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் கிரீடத்தில் படிந்திருந்த தூசியைத் துண்டால் தட்டிக்கொண்டே எனக்கு ஆறுதல் சொன்னார். “ஏளா, நீ என்ன தப்பு செஞ்ச? அன்னைக்குக் கெடுத்தது அந்த சர்வருல்லா. நா எல்லார்ட்டயும் அப்படித்தான் சொல்லிருக்கேன்.”

சோபா யாருக்கு

துறைமுகம் போகிற ரோட்டில் ஒரு சின்ன மண்டபம் கிடைத்தது. மேனேஜர் நோட்டீஸைப் படித்துவிட்டு, சிறப்பு விருந்தினர் யார் என்றார். யாருமில்லை. பொன்னாடை எத்தனை என்றார். கிடையாது, பேசுகிறவர்களுக்கு ஆளுக்கொரு முந்திரி மக்ரூன் பொட்டலம். அப்படியானால் முன் வரிசை சோபா யாருக்கு என்றார். எங்களால் அடிபட்டவர்களுக்கு என்றேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். “முன்னிலை வகிக்க ஒரு ஆளுகூட இல்லாம மைக்க எப்படிம்மா ஆன் பண்ணுதது?”

கொக்கும் ஒட்டகமும்

மைக் ஆன் ஆனது. ஆடிக் காற்றில் பேனர் இரண்டு தடவை பறந்தது, உப்புக் காற்றில் துருப்பிடித்திருந்த பிளக் மூன்று தடவை மக்கர் பண்ணியது. எண்பது நாற்காலி போட்டிருந்தோம், பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கோவில்பட்டி, திருநெல்வேலியிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். நான் மேடைப் பக்கம் போகாமல் பிளக்கையே திருகிக்கொண்டிருப்பதைப் பார்த்த கிளாட்சன், கூட்டம் முதலில் தன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று சொல்லி எனக்கு முன்னால் மேடையேறினான்.

அவன் தப்பு இது. உப்பளம் வைத்திருக்கிற ஒரு அம்மாவுக்கு விளம்பரம் செய்தபோது, நம் ஊர் அளத்தில் படம் எடுக்கச் சோம்பல்பட்டு, இணையத்தில் கிடைத்த ஏதோ வெளிநாட்டு உப்பு வெளியின் படத்தைப் போட்டுவிட்டான். அதைத் திரையில் காட்டி, இப்படிச் செய்தால் வாங்க நினைக்கிறவனுக்கு நம் மேல் இருக்கிற நம்பிக்கையே போய்விடும் என்று விளக்கிக்கொண்டிருந்தான். சோபாவிலிருந்து அந்த அம்மா திரையை நோக்கிக் கையை நீட்டினார். “எங்க அளத்துல கொக்கு நிக்கும். இதுல ஒட்டகம்லா நிக்குது தம்பி.”

இருபது நிமிடம்

அடுத்தது நான், எனக்கு இருபது நிமிடம். கோடு ஏறுகிற படம் எதுவும் என்னிடம் இல்லை. பெயர்களை மறைத்துவிட்டு, திறக்கப்படாத முப்பத்தொன்பது மெயில்களைத் திரையில் காட்டினேன். இது சர்வர் இல்லை, நான்தான் என்றேன். மறைத்ததும் நான்தான் என்றேன். என்னோடு போட்டி போடுகிறவர்கள், என் வாடிக்கையாளர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சி எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

அழுகை வந்தது. ஆனாலும் மேடையை விட்டு இறங்கவில்லை. மிச்ச நேரத்தில், இப்படி நடக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று செய்துகாட்டினேன். படிவத்தைத் திறந்துவிடுகிற அன்றைக்கே கடைக்காரர் பக்கத்தில் உட்கார வேண்டும், ஒரு ஆர்டர் போட வேண்டும், அது அவர் போனில் வந்து விழுவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். முடித்து நிமிர்ந்தபோது அண்ணாச்சி வாசல் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது.

நேரே வந்து மைக்கை வாங்கினார். அந்த ஆர்டரெல்லாம் இன்னும் இருக்கிறதா, போன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். வேஷம் கட்ட நேர்ந்துகொண்டவர்களைக் காக்க வைத்திருக்கிறோம் என்றார். குரல் உயரவில்லை, அதுதான் சுட்டது. “முப்பத்தொம்பது பேருக்கும் நீயே போன் போடுளா. சர்வருன்னு சொல்லாத. ஒம் பேரச் சொல்லு.”

முதல் போன்

அந்த வாரமே என் வாடிக்கையாளர்களில் இரண்டு பேர் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். போகட்டும், அவர்கள் உண்மையைக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். நான் அண்ணாச்சி கடையிலேயே உட்கார்ந்து போன் போட்டேன். சிலர் எடுக்கவில்லை. ஒருவர் கால் மணி நேரம் திட்டினார்.

முதலில் பேசியவர் விளாத்திகுளத்தில் ஒரு பெண். வீட்டுக்காரருக்கு ராஜா வேஷக் கிரீடம் கேட்டிருந்தவர். பதில் வராததால் வீட்டுக்காரர் பழைய கிரீடத்தில் தங்கக் கலர் தாளை ஒட்டிக் கட்டிக்கொண்டு போனாராம். என் பெயரைச் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். அவர் நேராகக் கேட்டார். “இதச் சொல்லுததுக்கு ஒரு வருசமாயிருக்கு ஒங்களுக்கு. சரி, இந்தத் தசராவுக்காவது கிரீடம் வந்து சேருமா?”

இப்போதெல்லாம் ஏதாவது பழுதானால் என் வாடிக்கையாளர்கள் ‘சர்வரா?’ என்று கேட்பதில்லை, ‘நீயா?’ என்றுதான் கேட்கிறார்கள். பதினோரு வருடத் தொழிலில் என் கோடு மேலே ஏறியது இந்த ஒரு இடத்தில்தான்.