இடப்பக்க விளக்கு

சுவரிலிருந்து இருபத்தைந்து அடி. குமுதா அதைக் காலால் அளக்கிறார். செருப்பு முனையால் மண்ணில் ஒரு கோடு கிழித்து, முன் டயர் அந்தக் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி எட்டுப் பேர் உட்காரும் தன் பழைய உன்சர் காரை உருட்டிக்கொண்டு வருகிறார். எதிரே தோட்டத்து மண்டபத்தின் பின்சுவர். அதில் கார் விளக்கின் உயரத்துக்கு, கறுப்பு டேப்பில் இரண்டு கூட்டல் குறிகள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தி சாய்ந்து கொசு கிளம்பும் நேரத்தில் இந்தப் பூசை தவறாமல் நடக்கும். மண்டபத்தைக் கல்யாணத்துக்கு எடுத்த ஒரு வீட்டார் அந்த டேப்பைப் பிய்த்துப்போட்டுவிட்டு அங்கே தோரணம் கட்டினார்கள். குமுதா அந்தக் கல்யாணத்தில் கை நனைக்கவில்லை.

"நம்ம லைட்டு கோட்டுக்குக் கீழதான் விழணும். மேல போச்சுன்னா எதிர்ல வர்றவன் கண்ணு அவிஞ்சி போயிடும்லா," என்பார்.

கோல சிலாங்கூருக்கு வடக்கே, எண்ணெய் எடுக்கிற செம்பனைக்கு நடுவில் இருக்கும் அந்தத் தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இருபதுக்குள்தான். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் ஏழு பேர். விடியும் முன் ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு, தஞ்சோங் காராங் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் இறக்கி, மதியம் திரும்ப அழைத்துவருவது குமுதாவின் தொழில். வயது ஐம்பத்து மூன்று. போகிற பதினாறு கிலோமீட்டரில் பாதி, வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பெரிய வாய்க்காலை ஒட்டிய ரோடு. வாய்க்கால் இடப்பக்கம். தடுப்பும் கிடையாது, தெருவிளக்கும் கிடையாது. பெற்றோர்கள் எல்லாரும் ஐந்தரைக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். குமுதா வராவிட்டால் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. பதினொரு வருடத்தில் அப்படி ஒரு நாள்கூட ஆனதில்லை என்பதுதான் அவருடைய பெருமை, பட்டம், பதக்கம் எல்லாம்.

வெறுங்காலோடுதான் ஓட்டுவார். ரேடியோ போடமாட்டார். "பாட்டு பாடுனா எஞ்சின் என்னா சொல்லுதுன்னு எப்படிக் கேக்குறது?" மெக்கானிக்கைக் கண்டால் மாமியாரைக் கண்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிரேக், பெல்ட், பேட்டரி எல்லாம் சொந்தக் கைவேலை. டயரைக் கழற்ற உட்கார்ந்தால் சேலைக்கு மேலே கணவரின் பழைய ஆலைச் சட்டையை மாட்டிக்கொள்வார். சட்டைப் பையில் ஸ்பேனர் இருக்கும், கூடவே பிள்ளைகளுக்கு வாந்தி வந்தால் கொடுக்க ஒரு எலுமிச்சம்பழம்.

கணவர் செல்லன் எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறவர். மோட்டார் சைக்கிள் தவிர வேறு எதையும் ஓட்டத் தெரியாது. வீட்டுக் கார் விஷயத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே உத்தியோகம் டார்ச் பிடிப்பது. அதையும் அவர் உருப்படியாகப் பிடிப்பதில்லை என்பது மனைவியின் கட்சி.

ஒரு வருடமாகவே குமுதாவுக்கு இடப்பக்க விளக்கோடு சண்டை. வலது நன்றாக எரிகிறது, இடதுதான் மங்கல், ரோட்டின் இடது ஓரமே தெரியவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இடது பல்பை மாற்றினார். பிறகும் மங்கல். இன்னும் விலை கூடியதை வாங்கிப் போட்டார். அதுவும் மங்கல். கண்ணாடிக்கு மேலே படிந்த மஞ்சளைப் பற்பசை தேய்த்து எடுத்தார். கடைசியில் இடது பல்பை வலதுக்கும் வலது பல்பை இடதுக்கும் மாற்றிப் போட்டுப் பார்த்தார். அப்போதும் இடதுதான் மங்கல். வயரில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, வயரையும் புதிதாக இழுத்தார்.

"எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் புள்ள தெரியுது," என்றார் செல்லன்.

"ஒங்களுக்கு மோட்டார் சைக்கிளு. ஒத்த லைட்டுதானே பழக்கம். ரெண்டு லைட்டப் பத்தி ஒங்களுக்கு என்னா தெரியும்?"

அந்த வீட்டில் கார் விஷயத்தில் குமுதா சொன்னால் சொன்னதுதான்.

அப்படித்தான் செனோன் வந்தது. போனில் வீடியோ பார்த்து, போனிலேயே சொல்லி வரவழைத்தார். சாதாரண பல்பைப்போல உள்ளே கம்பி கிடையாது. வாயுவில் மின்சாரம் பாய்ந்து எரிகிற பல்பு. பகல் மாதிரி வெளிச்சம் என்று பெட்டியில் போட்டிருந்தது. பழைய காரில் இதை மாட்டினால் போலீஸ் சம்மன் கொடுக்கும் என்று செல்லன் எச்சரித்தார். "அவன் சம்மன் குடுக்கட்டும். ஏழு பிள்ளைங்கள வாய்க்கா ஓரமா நான்தானே ஓட்டிக்கிட்டுப் போறேன், அவனா ஓட்டுறான்?" என்று ஒரே போடாகப் போட்டார் குமுதா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலை தொடங்கியது. முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். பழைய பல்பை உருவினார். பின்பக்க ரப்பர் மூடியில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஓட்டை போட்டார். ரப்பர் கருகிய நாற்றம் அண்டை வீடு வரை போனது. செனோன் பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் சூட்டில் வெடித்துவிடும். அதற்காக, காரில் எந்தப் பிள்ளையோ விட்டுப்போன வெள்ளைக் காலுறையைத் துவைத்துக் கையில் மாட்டிக்கொண்டிருந்தார். சோப்புக்கட்டி அளவில் இருந்த இரண்டு மின்சாரப் பெட்டிகளை, மழைத்தண்ணீர் படாத இடம் பார்த்து உள்ளே கட்டினார். ஆறு மணிக்கு மழை கொட்டியது. ஏழேகாலுக்கு விட்டது. ஏழரைக்குக் கார் சுவருக்கு முன்னால் நின்றது.

செல்லன் உள்ளே உட்கார்ந்து சுவிட்சைத் தட்டினார். விளக்கு இரண்டும் ஊதாவாகத் துடித்து, தயங்கி, ஐந்தாறு விநாடியில் பால்போல வெளுத்து நின்றன. சுவரில் ஒட்டியிருந்த பல்லிகூடத் திகைத்துப் போனது. குமுதா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். இடது டேப்பையும் பார்த்தார், வலது டேப்பையும் பார்த்தார்.

"இன்னும் இடது கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கு," என்றார்.

மழை விட்ட ஈரத்துக்கு மண்ணிலிருந்து ஈசல் கிளம்பியிருந்தது. புது வெளிச்சத்தைக் கண்டு அத்தனையும் விளக்கை மொய்த்தன. விளக்கின் கோணத்தைத் திருகக் குனிந்த குமுதாவின் வலக்கண்ணில் ஒன்று வந்து அடித்தது. "சனியனே!" என்று உள்ளங்கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஏங்க, லைட்ட ஏன் அணைச்சீங்க?"

"யாரு அணைச்சா?"

"விளையாடாதீங்க. ஒண்ணும் தெரியல. போடுங்க."

"எரிஞ்சிக்கிட்டுத்தானே இருக்கு," என்றார் செல்லன்.

குமுதா கையை எடுத்தார். சுவர் வெள்ளை வெளேரென்று நின்றது. மறுபடியும் வலக்கண்ணைப் பொத்தினார். சுவர் இல்லை. கார் இல்லை. விளக்கும் இல்லை. ஓரத்தில் எங்கோ சாம்பல் பூத்தாற்போல ஒரு கசிவு, அவ்வளவுதான். எடுத்தார், பொத்தினார், எடுத்தார். பிறகு இடக்கண்ணைப் பொத்திப் பார்த்தார். எந்த மாற்றமும் இல்லை. பொத்தினாலும் அதே வெளிச்சம், திறந்தாலும் அதே வெளிச்சம்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று வாய்க்கு வாய் சொல்கிறோம். கண் கெட்டதே தெரியாமல் ஒருத்தர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் அதற்குப் பழமொழி கிடையாது. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, குமுதாவுக்கு ஏழெட்டு வருடமாக உண்டு. கண்ணைச் சோதிக்க வேண்டும் என்று கிளினிக்கில் இரண்டு தடவை தேதி கொடுத்தார்கள். இரண்டும் பள்ளி நாள். குமுதா போகவில்லை.

அவர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். செல்லன் ஓடிவந்தார். என்ன, என்ன என்று கேட்டார். குமுதாவுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. காரின் இடப்பக்கத்து ஓரக் கண்ணாடி இரண்டு தடவை உடைந்தது. எவனோ மோட்டார் சைக்கிள்காரன் இடித்துவிட்டான் என்று திட்டியிருந்தார். பங்குனியில் ஒரு நாள் இடது டயர் வாய்க்கால் கரையின் சேற்றில் இறங்கி, கார் சாய்ந்து, பிள்ளைகள் ஊஞ்சல் என்று கூவிச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்தேனே, சிரித்தேனே என்று இப்போது தலையில் அடித்துக்கொண்டார்.

"சரி, எந்திரி," என்றார் செல்லன். "இப்ப யார்கிட்டயும் சொல்லவேணாம். மொதல்ல டாக்டரப் பாப்போம்."

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ஏழு பிள்ளைங்க ரோட்டுல வந்து நிக்கும்ங்க."

"ஒடம்பு சரியில்லேன்னு சொல்லு."

குமுதா எழுந்தார். இடக்கையில் இன்னும் மாட்டியிருந்த காலுறையை உருவிப் போட்டார். விளக்கை அணைக்கக்கூட நிற்கவில்லை. சட்டையெல்லாம் எண்ணெய் மசியோடு, வெறுங்காலோடு, வீடு வீடாக நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் ஒரே வாக்கியம். "எனக்கு இடது கண்ணு தெரியல. எவ்ளோ நாளாத் தெரியலன்னும் தெரியல. நாளையிலேர்ந்து நான் ஓட்டமாட்டேன்."

சிலருக்கு முதலில் புரியவே இல்லை. திலகத்துக்குப் புரிந்தது. அவருடைய இரட்டைப் பையன்கள் இருவரும் அந்தக் காரில்தான் போகிறார்கள். "அடிப்பாவி, எம் புள்ளைங்கள எங்கடி ஏத்திக்கிட்டுப் போனே!" என்று மார்பில் அறைந்துகொண்டு, கதவை ஓங்கிச் சாத்தினார். பதினொரு வருடம் தீபாவளிப் பலகாரம் கொடுத்து அனுப்பிய வீடு அது. குமுதா அந்த வாசலிலிருந்து இறங்கி அடுத்த வீட்டுக்குப் போனார்.

கடைசி வீடு ஷர்மினியுடையது. இருபத்தெட்டு வயது, தனியாகப் பிள்ளையை வளர்க்கிறவள். தொழிற்சாலை பஸ் அவளை ஐந்தரைக்கு ஏற்றிப்போகும். மகள் துளசி இரண்டாம் வகுப்பு. குமுதா சொன்னதை ஷர்மினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு முழுவதும் கேட்டாள். திட்டு விழும் என்று குமுதா காத்திருந்தார்.

"அக்கா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஓட்டிடுங்களேன்."

"என்னா சொல்றே நீ?"

"இந்த மாசம் ரெண்டு லீவு போட்டுட்டேன்க்கா. மூணாவது போட்டா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க. ஒரு கண்ணுதானே தெரியல? இன்னொன்னு நல்லாத்தானே இருக்கு? இத்தன நாளும் அப்படித்தானே ஓட்டுனீங்க, ஒண்ணும் ஆவலியே. மெதுவா ஓட்டுங்க, போதும்லா."

குமுதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்றவள் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சா என்று அவளையே பார்த்தார். அதைவிடப் பெரிய அதிர்ச்சி இன்னொன்று. மண்டபத்திலிருந்து இங்கே நடந்துவந்த வழியெல்லாம் இதே வார்த்தைகள்தான் அவர் மனசுக்குள்ளும் ஓடியிருந்தன. ஒரு கண் இருக்கிறதே, மெதுவாகப் போனால் என்ன, பதினொரு வருடம் ஒன்றும் ஆகவில்லையே. சரி என்று சொல்லிவிட உதடு வரை வந்துவிட்டது.

துளசி தாய்க்குப் பக்கத்தில் நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். குமுதா அவள் பக்கம் திரும்பினார். மசி படிந்த வலக்கையால் வலக்கண்ணை இறுகப் பொத்திக்கொண்டார்.

"துளசிம்மா, அங்கயே நில்லு. நான் ஒங் கன்னத்தத் தொடுறேன்," என்று இடக்கையை நீட்டினார்.

கை துளசியின் தலைக்கு மேலே போனது. கதவு நிலையில் இடித்துக்கொண்டு திரும்பியது. வெறுங்காற்றைத் தடவியது. துளசி ஏதோ விளையாட்டு என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஷர்மினிக்கு முகம் வெளுத்தது. மகளின் தோளைப் பிடித்து, சத்தமில்லாமல் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். அது தெரியாமல் குமுதாவின் கை இன்னும் அந்தக் கன்னத்தைத் தேடிக்கொண்டிருந்தது.