எத்தனை பவுன் என்று கேட்ட வகுப்பு

திருடனைப் பற்றிப் பாடம் நடத்தினால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். பறிகொடுத்தவரைப் பற்றி நடத்தினால் ஜன்னலுக்கு வெளியே பார்க்கும். இதைப் படிக்கும் வாத்தியார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூரில் ஒரு கல்லூரியில், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு என்னென்ன தேவை என்ற பாடம் என் தலையில் விழுந்தது.

ஆள் கிடைக்காத வேடம்

போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒருவர் புகார் கொடுக்க வருகிறார், நடித்துக் காட்டுங்கள் என்றேன். இன்ஸ்பெக்டர் வேடத்துக்கு அடிதடி. திருடனுக்கும் போட்டி. ஊருக்கு வெளியே ஹெப்பகோடியிலிருந்து வரும் நாகராஜ் போலீஸ் ஜீப்பாக இருக்கக்கூடத் தயார். ஹாரன் அடித்தே காட்டினான். பறிகொடுத்தவராக நடிக்க மட்டும் ஒருவரும் வரவில்லை. ஏன்டா என்று அவனையே கேட்டேன்.

"அதுல ஆக்டிங்குக்கு என்னா கீது மிஸ்? அழுதுகினு உக்காரணும், அவ்ளோதான்."

முதல் கேள்வி

ஸ்டெல்லா காக்ஸ் டவுன் பெண், அதிர்ந்து பேசாதவள். ஒரு நாள் காலையில் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தபோது, பைக்கில் வந்த இருவர் அவள் செயினை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கழுத்தில் கர்சீப் கட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். ஸ்டாஃப் ரூமிலும் கேன்டீனிலும் அவளைக் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை பவுன்?" பாதிக்கப்பட்டவரின் தேவைகளை வரிசை பிசகாமல் எழுதி மார்க் வாங்கிய என் பிள்ளைகளும் அதையேதான் கேட்டார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. திட்ட வாயெடுப்பதற்குள் ஸ்டெல்லாவே எழுந்தாள். அந்த ரோட்டில் இனி தனியாக நடக்கப் பயமாக இருக்கிறது, படிப்பை நிறுத்திவிடப் போகிறேன் என்றாள்.

"செயின் போனா போகட்டும் மிஸ். கழுத்து வலிக்குதான்னு ஒருத்தரும் கேக்கலை."

தெருமுனைக் காவல்

மறுநாள் காலை நாகராஜ் பஸ் மாறி மாறிக் காக்ஸ் டவுனுக்குப் போய், ஸ்டெல்லா வீட்டுத் தெருமுனையில் நின்றிருக்கிறான். அவள் வந்தால் துணைக்கு நடக்கலாம் என்று. அதை யாரிடமாவது சொல்லிவிட்டு நின்றிருக்கலாம், மடையன், சொல்லவில்லை. செயின் பறிபோன தெரு உஷாராக இருந்தது. புது முகம் நெடுநேரம் நிற்கிறதே என்று நாலு பேர் காலரைப் பிடித்து உலுக்கிவிட்டார்கள். சத்தம் கேட்டு ஸ்டெல்லா ஓடி வந்து, "விடுங்க அங்கிள், என் கிளாஸ்மேட்!" என்று கத்தி மீட்டிருக்கிறாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு அவனோடே பஸ் ஏறிவிட்டாள்.

அவள் வகுப்புக்குள் நுழைந்ததைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது. பின்னால் நாகராஜ், கிழிந்த காலரும் கழுத்தில் நகக் கீறலுமாக. "எத்தனை பேருடா அடிச்சாங்க?" என்று வகுப்பே அவனை மொய்த்தது. அவன் கிழிந்த காலரை இழுத்துக் கீறலை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். ஸ்டெல்லா தன் கர்சீப்பை அவிழ்த்து நீட்டினாள்.

"கழுத்து வலிக்குதா?"

அந்தப் பாடத்தை நடத்தியது அவர்கள் இருவரும்தான். சம்பளத்தை மட்டும் நான் வாங்கிக்கொண்டேன்.