என் ஸ்பீக்கர்மேல் ஒரு நேர்த்தி

மனோர் பார்க்கில் எங்களுடையது ஒரு சின்ன வரிசை வீடு. அதன் முன்னறையில் பாதியை என் இரண்டு ஸ்பீக்கர்களும் பிடித்துக்கொண்டிருந்தன. மரப்பெட்டி, இடுப்பளவு உயரம். நான் வளர்ந்த ரொறன்ரோவில் முதல் சம்பளம் எடுத்த கையோடு வாங்கினேன். கலியாணம் கட்டி லண்டனுக்கு வந்தபோது உடுப்பைக் குறைத்துக்கொண்டு இவற்றைக் கப்பலில் ஏற்றினேன்.

பேஸ்போல் எனக்குப் பார்ப்பதற்கு மட்டுமல்ல, கேட்பதற்கும்தான். மட்டையில் பந்து சரியாகப் படும்போது ஒரு சத்தம் வரும். பந்து எல்லைக்கு வெளியே போகுமா, யாருடைய கையிலாவது விழுமா என்று ஸ்பீக்கரில் வரும் அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். இங்கே அதைச் சொல்லி மகிழ ஆள் கிடையாது. "உது எங்கட எல்லே தானே அண்ணை" என்று சிரிப்பார்கள். ஊரில் மட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடும் எல்லே விளையாடியவனுக்கும் பேஸ்போல் புரியாது என்பதுதான் என் எரிச்சல்.

போன கோடையில் என் ரொறன்ரோ அணி அடியோடு படுத்துவிட்டது. வெல்லவேண்டிய ஆட்டங்களையெல்லாம் கடைசி நேரத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அவர்கள் தோற்றால் எனக்குச் சோறு இறங்காது. மனைவி போட்டு வைத்த சாப்பாடு அப்படியே ஆறும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் முருகன் கோயிலிலிருந்து வந்தாள். நெற்றியில் திருநீறு, முகத்தில் ஒரு சிரிப்பு.

"இஞ்சேருங்கோ, உங்கட ஆக்களுக்கு ஒரு நேர்த்தி வைச்சுப்போட்டு வாறன்."

"என்ன நேர்த்தி?"

"அவங்கள் அந்த அக்டோபர் ஆட்டங்களுக்குள்ள போனா, உந்த ஸ்பீக்கர் ரெண்டையும் கோயிலுக்குக் குடுக்கிறது எண்டு."

"என்ர ஸ்பீக்கரோ? உம்மை ஆர் கேட்டது?"

"ஆசைப்பட்ட பொருளைக் குடுத்தாத்தானே நேர்த்தி. என்ர சீலையைக் குடுத்தா உங்கட ஆக்கள் வெல்லுவாங்களோ?"

நேர்த்தி வைப்பது ஒருவர், தீர்ப்பது இன்னொருவர் என்பது எங்கள் ஆட்களிடம் புதிதல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் நேர்த்தி வைப்பாள். மொட்டை விழுவது பிள்ளைக்கு. முருகனிடம் போய், "அது அவள் சொன்னது, எனக்குச் சம்பந்தமில்லை" என்று சொல்லவும் ஏலாது. வால்தம்ஸ்டோவில் ஒரு கடையில் ஸ்பீக்கர் நிற்கும் இடத்துக்கென்று மூலை சோபா ஒன்றை அவள் பார்த்து வைத்திருந்ததும் எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதுவரை படுத்துக் கிடந்தவர்கள் இடையிடையே வெல்லத் தொடங்கினார்கள். அக்டோபரில் நடக்கும் இறுதிச் சுற்றுக்குள் நுழைய இன்னும் வழி இருக்கிறது என்று வர்ணனையாளர்கள் சொன்னார்கள். வேலையில் போனை எடுப்பேன், ஸ்கோர் பார்க்காமலே வைப்பேன். ஆட்டம் நடக்கும்போது எழும்பிக் குசினிக்குப் போவேன், கேத்திலைப் போடுவேன், தேத்தண்ணி ஊற்றாமலே திரும்பி வருவேன். என் அணிப் பெடியள் அடித்தால் கைதட்ட வரும். பாதியில் ஸ்பீக்கரைப் பார்த்ததும் கை நின்றுவிடும்.

ஒரு ஞாயிறு ஆட்டத்தில் கடைசிவரை நாங்கள்தான் முன்னுக்கு. பிறகு எதிரணிக்காரன் ஓங்கி ஒன்று அடித்தான். சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, பந்து வெளியே போய்விட்டது, நாங்கள் தோற்றுவிட்டோம். நான் ரிவியை நிறுத்திவிட்டுச் சாப்பிட இருந்தேன். நல்ல பசி. மீன்குழம்பை இரண்டாம் தரமும் ஊற்றச் சொன்னேன்.

"இண்டைக்கு வடிவாச் சாப்பிடுறியள்" என்றாள் மனைவி. "வெண்டிட்டாங்களோ?"

"இல்லை. தோத்திட்டாங்கள்."

அகப்பையைப் பிடித்தபடி அவள் என்னைப் பார்த்தாள். பகிடி பண்ணுவாள் என்று நினைத்தேன், பண்ணவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நான் தூக்கிக் கொண்டாடிய அணி. அவர்கள் தோற்றதில் எனக்குச் சந்தோஷம். இரண்டு மரப்பெட்டிகளுக்காக.

அடுத்த நாளே அவற்றைக் காரில் ஏற்றினேன். பின் சீற்றை மடித்தும் ஒன்றுதான் கொண்டது, இரண்டு தரம் போய் வந்தேன். கோயிலில் தொண்டு செய்யும் ஒருவர் இறக்க உதவினார்.

"நேர்த்தியோ அண்ணை? சரிவந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப ஏன் இப்பவே கொண்டு வந்தனீங்கள்?"

"பொறுக்க ஏலாமக் கிடக்கு" என்றேன். இரண்டாவது பெட்டியை இறக்கும்போது அதன் மூலை சுவரில் இடித்தது. எனக்கே இடித்தமாதிரி வலித்தது.

செப்டம்பர் கடைசியில் எல்லாம் முடிந்தது. ரிவியின் மெல்லிய சத்தத்தில் பந்து எங்கே போகிறது என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை. திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த வருடம் அக்டோபர் ஆட்டங்கள் எங்களுக்கு இல்லை. கதிரையின் கைப்பிடியில் ஓங்கிக் குத்தினேன். கண் நிறைந்துவிட்டது. ஐம்பதை நெருங்கும் ஆம்பிளை, அதுவும் ஒரு விளையாட்டுக்கு. நிறுத்த முடியவில்லை.

மனைவி பக்கத்தில் வந்து இருந்தாள். முன்னறை வெறுமையாகக் கிடந்தது. சோபாப் பேச்சை அவள் பிறகு எடுக்கவே இல்லை.

"உவங்கள்தான் போகேல்லையே" என்றாள் மெதுவாக. "அப்ப நேர்த்தியும் இல்லை. நான் போய்ச் சொல்லி ஸ்பீக்கரைத் திருப்பி எடுக்கட்டோ?"

"வேண்டாம்" என்றேன். "அது வீட்டில நிண்டிருந்தா, நான் இப்ப சிரிச்சுக்கொண்டு இருந்திருப்பன்."