மூடினால் செருக முடியாத பெட்டி

கொல்கத்தா அலிப்பூரில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பின் வெளிச்சுவரை ஒட்டி, ஒரு தார்ப்பாய்க்குக் கீழே நாகம்மா இஸ்திரி போட்டுவந்தாள். துறைமுக வேலைக்காக விழுப்புரத்திலிருந்து அவளைக் கூட்டிவந்த புருஷன் ஏழுமலை இறந்த மறுமாதமே கரிப்பெட்டியோடு இங்கே வந்து நின்றவள். கொடியில் காயும் துணியெல்லாம் புகை பட்டுக் கறுக்கிறது என்று மாடிக்காரர்கள் முணுமுணுத்ததால், மூன்று வருடத்துக்கு முன் குடியிருப்போர் சங்கமே சுவரில் ஒரு பிளக் பாயிண்ட் வைத்துக் கொடுத்தது. அவளும் மின்சாரப் பெட்டிக்கு மாறினாள்.

இந்த வருடம் ஜூன் கடைசியில் மழை பிடித்ததும் தொல்லை ஆரம்பித்தது. அவள் பெட்டியைச் செருகிய சற்று நேரத்தில் மாடிப்படி விளக்கும் தண்ணீர் மோட்டாரும் சேர்ந்து அணைந்தன. மறுநாள் மூன்று தடவை. குளிக்கப் போனவர்கள் சோப்போடு நின்றார்கள்.

சங்கச் செயலாளர் பத்மநாபன் இறங்கி வந்தார்.

"உங்க பாயிண்ட்ல தண்ணி இறங்குது நாகம்மா. ரூல்படி வெளியில இருக்கிற பாயிண்டுக்கு மூடி இருக்கணும். ஒரு வாரத்துல போட்டுடுங்க. இல்லேன்னா லைனைக் கட் பண்ணிடுவாங்க."

"மூடிதானே சார், போட்டுடறேன்."

அன்றைக்கே ஸ்பிரிங் வைத்த மூடி ஒன்றை வாங்கி மாட்ட வைத்தாள். அடுத்த மழையில் விளக்கு மறுபடி அணைந்தது. பத்மநாபன் வந்து பார்த்தபோது மூடி பிளக்கின் மேல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"ஏன் திறந்து கிடக்கு?"

"மூடிட்டா எப்படி சார் செருகறது?"

அவர் தன் போனில் இருந்த சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தார். "ஈரம் புகாம மூடியிருக்கணும்னுதான் போட்டிருக்கு."

"வேலை செய்யறப்பவா, செய்யாதப்பவா?"

"அது போடலியே" என்றார், அவளைவிடக் குழம்பிப்போய்.

மூடி மாட்டிய எலக்ட்ரீசியனைக் கேட்டால், மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் தானே விழுந்து லைனை அணைக்கும் ஸ்விட்சைக் கழற்றிவிட்டால் தீர்ந்தது என்றான். கடைக்காரரோ, தண்ணீர் தாங்கும் தர நம்பர் நாற்பத்து நாலு வேண்டுமா, ஐம்பத்தைந்தா, அறுபத்தாறா என்று கேட்டார். வீட்டு நம்பர் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தபடி அவள் திரும்பினாள். யார் சொல்வதைக் கேட்பது என்று விளங்கவில்லை. இரண்டு நாள் இஸ்திரிப் பெட்டியைத் தொடவே இல்லை.

மூன்றாம் நாள் மராமத்து ஆபீசிலிருந்து ஜூனியர் இன்ஜினியர் ரஞ்சனா வந்தாள். ஸ்விட்சைக் கழற்றலாமா என்று பத்மநாபன் கேட்டதும் அவள் முகம் மாறியது.

"அது விழறதாலதான் இந்த மாஷி உயிரோட இருக்காங்க" என்றாள் இந்தியில், நாகம்மாவைக் காட்டி. "பிளக் செருகியிருக்கும்போதே மூடி மூடணும். பாயிண்டுக்கு அந்த மாதிரி பெட்டி வாங்கி மாட்டுங்க."

இத்தனை நாளும் அந்த ஸ்விட்சைத்தான் நாகம்மா வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தாள். இப்போது மெயின் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை இஸ்திரிப் பெட்டியை வயரோடு பைக்குள் போட்டுக்கொண்டு கரியாஹாட் கடைத்தெருவுக்குப் பஸ் ஏறினாள். ஒவ்வொரு கடையிலும் பிளக்கை எடுத்துச் செருகி மூடியைச் சாத்திப் பார்த்தாள். இரண்டு கடைகளில் எதுவும் மூடவில்லை. மூன்றாவது கடைக்காரர் எந்த நம்பர் என்று கேட்டார்.

"நம்பரை நீங்க பாருங்க. மூடுதான்னு நான் பாக்கறேன்" என்றாள் அரைகுறை வங்காளத்தில்.

அவர் சிரித்துவிட்டு, ஆழமான ஒரு பெட்டியைப் பரணிலிருந்து எடுத்தார். வயர் வெளியே வர அடியில் ஒரு வழி இருந்தது. பிளக் உள்ளே இருக்க, மூடி டக்கென்று சாத்திக்கொண்டது.

ரஞ்சனா நேரில் நின்று அதை மாட்டச் செய்து, மேலிருந்து ஒரு மக் தண்ணீரை ஊற்றினாள். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. மற்ற பிளாக்குகளுக்கு நோட்டீஸ் ஒட்டவேண்டிய பத்மநாபன், என்னவென்று எழுதுவது என்று நாகம்மாவிடமே கேட்டார்.

"செருகின பிறகும் மூடணும்னு எழுதுங்க சார்."

இரண்டு நாள் கழித்து, நல்ல மழையில், மாடிப்படி விளக்கு மறுபடி அணைந்தது. அவள் பதறிப்போய்ப் புதுப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மூடி சாத்தித்தான் இருந்தது.

"உங்களால இல்ல நாகம்மா, ஏரியாவுக்கே கரண்ட் இல்ல" என்று பத்மநாபன் மாடியிலிருந்து குரல் கொடுத்தார்.

அவள் அவரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். முழுசாக நம்பிக்கை வரவில்லை. மூடியை இன்னொரு முறை அழுத்திவிட்டுச் சட்டைகளை மடிக்க உட்கார்ந்தாள்.