புரட்டாதிச் சனியில் பூசணித் தோட்டம்

பக்கத்தில் சோற்றுப் பாத்திரம் சுடச்சுட இருக்க, ஒரு காகம் வந்து கொத்தாத குற்றத்துக்காக நீங்கள் மணிக்கணக்கில் பட்டினி கிடந்திருக்கிறீர்களா? நான் கிடந்தேன். நேற்றுமுன்தினம்தான். அதுவும் கைக்குழந்தைகளைப் பூசணிக்காய்களுக்கு மேல் இருத்திப் படமெடுக்கிற, ஒன்லைனில் நேரம் பதிந்து போகிற ஒரு தோட்டத்தில்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புரட்டாதி மாதத்துச் சனிக்கிழமைகளில் எங்கள் அம்மா சனீஸ்வரனுக்கு விரதம். காலையில் எள்ளெண்ணெய் விளக்கு, பிறகு மரக்கறிச் சமையல், பிறகு வாழையிலைத் துண்டொன்றில் ஒரு பிடி சோறும் எல்லாக் கறியிலும் கொஞ்சமும் வைத்துக் காகத்துக்கு. காகம் வாய் வைத்த பிறகுதான் மனிதர்கள் வாய் வைக்கலாம். விரதம் அம்மாவுக்கு மட்டும்தான், ஆனால் பட்டினி முழு வீட்டுக்கும். லண்டன் ஹவுன்ஸ்லோவில் எங்கள் பின்வளவில் இது ஒரு பிரச்சினையே இல்லை. இரண்டு காகங்கள் வேலியிலேயே குடியிருக்கின்றன. அம்மா கதவு திறக்கிற சத்தம் அவைக்குத் தெரியும். ஐந்து நிமிட வேலை.

பிழை என்னுடையது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அப்பாவின் ரோட்டாவும் அம்மாவின் ரோட்டாவும், அதாவது வேலை நேர அட்டவணைகள், ஒட்டியிருக்கும். அப்பா விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிறார், அம்மா விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்யும் இடத்தில். இரண்டு பேருக்கும் ஒரே காலையில் லீவு கிடைப்பது அபூர்வம். இந்த மாதம் ஒரே ஒரு சனிக்கிழமைதான் அப்படி வந்தது. கண்ட உடனே புக் பண்ணிவிட்டேன். பக்கத்திலேயே தொங்கிய கோயில் கலண்டரைப் பார்க்கவில்லை. கடைசிப் புரட்டாதிச் சனி. பட்டம் வாங்கிய மூளை, என்ன செய்வது.

இலைகள் மஞ்சளாகத் தொடங்கினால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. செப்டெம்பரில் கால்வாய்க் கரையில் பிளக்பெரி பிடுங்கி, ஒரு கிழமை விரல்கள் ஊதா நிறமாய்த் திரிந்தேன். பிறகு கிடாய் மான்கள் முட்டுப்படுவதைப் பார்க்க விடியற்காலை ரிச்மண்ட் பார்க்குக்குப் போய், பனியில் சப்பாத்து நனைந்து, ஒன்றையும் பார்க்காமல் வந்தேன். பிறகு ஆற்றங்கரையில் சுட்ட செஸ்நட் கொட்டை. எங்கே போனாலும் அரை மணித்தியாலத்தில் அடுத்தது எங்கே என்று போனை எடுத்துவிடுவேன். ஆனால் இந்தப் பூசணிப் பயணம் ஊர் சுற்றுவதற்கு இல்லை. ஒரு திட்டத்தோடு போட்டது.

எனக்கு லீட்ஸில், லண்டனுக்கு வெகுதூரம் வடக்கே, வேலை கிடைத்திருந்தது. பாலங்களைப் பரிசோதிக்கிற கம்பனி. சிவில் எஞ்சினியரிங் படித்தவளுக்கு நல்ல வேலை, நான் ஆசைப்பட்ட வேலை. ஒப்பந்தம் போனிலேயே கிடந்தது. திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். விண்ணப்பித்ததே வீட்டில் தெரியாது. எனக்கு இருபத்திமூன்று வயது, யாரையும் கேட்காமலே கையெழுத்துப் போடலாம். ஆனால் அம்மாவோடு முகம் முறித்துக்கொண்டு போக எனக்கு ஏலாது. எங்கள் வீடுகளில் ஒரு பெட்டை வெளியே போவதற்கு ஒரே ஒரு வாசல்தான் இருக்கிறது, அதில் மாவிலை கட்டி மேளம் அடிப்பார்கள். அது இல்லாமல் சூட்கேசோடு ரயில் ஏறுவதென்றால் ஆயத்தம் வேண்டும். வெளியே கூட்டிப்போவது, வயிறு நிறையச் சாப்பிட வைப்பது, பிறகு சொல்வது. இதுதான் திட்டம். பசியோடு இருக்கிற அப்பாவிடம் எதுவும் சொல்லக்கூடாது என்பது ஐந்து வயதிலேயே படித்த பாடம்.

நான் கார் ஓட, அம்மா பக்கத்தில் அடுக்குப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"தோட்டத்தில காகம் நிக்குமோ?"

"தோட்டத்தில நிக்காமல் வேற எங்கயம்மா நிக்கிறது? காகத்துக்குத்தானே வெருளி வைக்கிறாங்கள்."

"அப்ப சரி."

பின் சீட்டிலிருந்து அப்பாவின் கை முன்னுக்கு நீண்டது. "இஞ்சேரும், வடை மணக்குது."

"கையை எடுங்கோ. காகம் இன்னும் தின்னேல்லை."

"காகத்துக்கு ஷிப்ட் இல்லை. எனக்கு மூண்டு மணிக்கு ஷிப்ட்."

தோட்டம் அழகாகத்தான் இருந்தது. சாம்பல் வானம், கண்ணுக்கெட்டிய தூரம் செம்மஞ்சள் காய்கள், ரப்பர் பூட்ஸ் போட்ட குடும்பங்கள், ஒற்றைச் சில்லு வண்டிகள். எல்லோரும் காயைத் தேட, அம்மா மட்டும் காய்களைத் தாண்டித் தாண்டி நடந்தார். கொடிகள் முக்கால்வாசி கருகிப்போயிருந்தன. கருகாத ஒரு மூலையைக் கண்டுபிடித்துக் குனிந்தவர்தான், நிமிரவில்லை. பச்சை இலை. இளம் குருத்து. பையை விரித்து, ஒவ்வொன்றாய் நுள்ளிப் போடத் தொடங்கினார்.

"அம்மா, ஆக்கள் பாக்கினம். பூசணிக்காய் பிடுங்கத்தான் விட்டவங்கள்."

"உந்தக் காயெல்லாம் வெறும் தண்ணி, கறிக்கு உதவாது. இலையைப் பார். வறை வறுத்தா எப்பிடி இருக்கும்!"

தோட்டத்தில் வேலை செய்கிற வெள்ளைக்காரப் பெட்டை ஒருத்தி வந்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டாள். நான் நிலம் பிளந்து உள்ளே போகலாமா என்று பார்த்தேன். அம்மா அசரவில்லை. "லீஃப். ஈட்டிங். வெரி டேஸ்டி," என்று ஒரு பிடியைத் தூக்கிக் காட்டினார். அவளுக்கு ஆச்சரியம். எப்படிச் சமைப்பது என்று கேட்டாள். அம்மா தேங்காய்ப்பூவிலிருந்து தொடங்கினார். கடைசியில் இலைக்கு விலையே இல்லை, வேண்டியளவு எடுங்கள் என்றுவிட்டு அவள் போனாள். அம்மாவின் முகத்தில் இந்த மாதத்தின் மிகப் பெரிய சந்தோஷம். இதுதான் நேரம், காகம் மட்டும் வந்துவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

வேலிக் கட்டையின் மேல் இலையை வைத்து, சோறு, பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய்ப் பொரியல், வடை, அப்பளம் எல்லாம் படைத்து, அம்மா "கா, கா" என்று கூப்பிட்டார். இரண்டு குடும்பங்கள் திரும்பிப் பார்த்தன. காகம் வரவில்லை. பத்து நிமிடம். மறுபடி "கா, கா".

அப்போதுதான் அடுத்த வயலிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. டமார் என்று ஒன்று. நெஞ்சுக்குள் இடித்தது.

நான் திரும்பினால் அப்பாவைக் காணவில்லை. ஒற்றைச் சில்லு வண்டிக்குப் பின்னால் குந்தியிருந்தார், இரண்டு கையும் தலையில். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. போய் அப்பாவின் முழங்கையைப் பிடித்துத் தூக்கினார். அப்பா எழும்பி, காற்சட்டையைத் தட்டிக்கொண்டு, "சேறு வழுக்கிப்போட்டுது," என்றார். அங்கே சேறு இல்லை. காய்ந்த மண். ஓடிப்போய் விசாரித்தேன். இலை தந்த அதே பெட்டைதான் சொன்னாள்: கோதுமை விதைத்த வயல், பறவைகளைக் கலைக்கிற காஸ் துப்பாக்கி, கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் தானாக வெடிக்கும். இந்தப் பக்கம் ஒரு காகமும் வராது என்று பெருமையாகவே சொன்னாள்.

"லண்டன் முழுக்கக் காகம்," என்றார் அம்மா. "காகம் வராத இடமாப் பாத்துப் பிடிச்சிருக்கிறாய்."

பன்னிரண்டரை ஆயிற்று. அடுத்த வெடிக்கு அப்பா குனியவில்லை, ஆனால் கழுத்து இறுகியது எனக்குத் தெரிந்தது. நான் இருந்தேன், எழும்பினேன், நடந்தேன், திரும்பி வந்தேன். வாசலில் ஒரு வான் வண்டிக்குள் டோனட் பொரித்துக்கொண்டிருந்தார்கள். கறுவாவும் சீனியும் காற்றில் வந்து மூக்கைப் பிடித்து இழுத்தது. ரொய்லெட்டுக்குப் போறன் என்று சொல்லிவிட்டுப் போய், வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் நின்று மூன்றை விழுங்கினேன். நாக்கு சுட்டது. பரவாயில்லை.

திரும்பி வர அம்மா என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"வாயைத் துடை."

துடைத்தேன். சீனி.

"காகம் வர முன்னம் நீ கொத்தியாச்சு."

"எனக்கொண்டு வாங்கேல்லையோ?" என்றார் அப்பா.

"நீங்கள் சும்மா இருங்கோ. ஒளிச்சுத் தின்னுறாள் உங்கட மகள். எங்க பழகினது இந்த ஒளிப்பு விளையாட்டு?"

நாக்குச் சூடு, மாட்டிக்கொண்ட வெட்கம் எல்லாம் சேர்ந்து என் வாயைத் திறந்துவிட்டது. "டோனட் மட்டுமில்லையம்மா. லீட்ஸில வேலையும் ஒளிச்சு எடுத்திட்டன். திங்கள் பன்னெண்டு மணிக்குள்ள சைன் பண்ணோணும்."

திட்டம் எல்லாம் போச்சு. அந்த நேரம் பார்த்துத் துப்பாக்கிகூட வெடிக்கவில்லை.

காரில் ஏறினோம். இலைப் பை அம்மாவின் காலடியில், சோறு மடியில். ஹவுன்ஸ்லோ வந்ததும் அம்மா சொன்ன ஒரே வார்த்தை, "ஹீத்துக்கு விடு." ஹவுன்ஸ்லோ ஹீத் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் புல்வெளி, பற்றைக்காடு. கார் நிறுத்துமிடத்துக் குப்பைத்தொட்டியிலேயே மூன்று காகங்கள். அம்மா இலையைப் புல்லில் வைத்து நிமிரவும் இல்லை, ஒன்று வந்து வடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அங்கே கிடந்த மர வாங்கில் குந்திச் சாப்பிட்டோம். சோறு ஆறிவிட்டது. காற்று சவுக்கால் அடித்தது, மரங்கள் மஞ்சளாக உதிர்ந்துகொண்டிருந்தன. தலைக்கு மேல் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. ஒவ்வொன்றுக்கும் கதையை நிறுத்தி, போன பிறகு தொடர வேண்டும். அப்பாதான் தொடங்கினார்.

"எங்க இருக்கப் போறாய்?"

"ரெண்டு பெட்டையளோட ஒரு வீட்டில. எனக்கொரு அறை."

"ஏன், ஹவுன்ஸ்லோவில பாலமே இல்லையோ?" என்றார் அம்மா.

"இருக்கு. அந்த வேலையை எனக்குத் தரேல்லை அம்மா. கேட்டுப் பாத்திட்டன்."

விமானம்.

"நான் இருபத்திரண்டு வயசில தனிய வந்தனான்," என்றார் அப்பா, காகத்துக்கு வைத்த இலையைப் பார்த்துக்கொண்டு.

"நீங்கள் வந்தது ஷெல்லடிக்குத் தப்பி உயிரைக் காப்பாத்த. இவள் போறது வீட்டில இருக்க ஏலாமல்."

அம்மா சொன்னது பாதி உண்மை. இரண்டு ரோட்டாவுக்கு நடுவில், இருவரில் ஒருவர் எப்போதும் நித்திரை கொள்கிற வீட்டில், குசினியில் கரண்டி வைக்கிற சத்தத்துக்கே பயந்து வளர்ந்தவள். எனக்குச் சத்தம் போட ஓர் இடம் வேண்டும். அதை அந்த வாங்கில் வைத்து எப்படிச் சொல்வது? "சண்டை பிடிச்சுக்கொண்டு போக மாட்டன் அம்மா," என்று மட்டும் சொன்னேன். "நீங்கள் ஓமெண்டு சொல்லோணும்."

அம்மா பாயாசத்தை மூன்று கப்பில் ஊற்றினார். ஊற்றி முடிக்க ஒரு யுகம்.

"எப்ப தொடக்கம்?"

"நவம்பர் முதல் திங்கள்."

"கந்தசட்டிக்குள்ள வருது. ஆறு நாளும் பின்னேரம் என்னை ஆர் கோயிலுக்கு ஏத்திக்கொண்டு போறது? இவருக்குப் பின்னேர ஷிப்ட். எனக்குக் கார் ஓடத் தெரியாது. தண்ணியோட விரதம் இருந்துகொண்டு பஸ்ஸில போகவோ? சூரன்போர் முடியப் போ."

அப்பா சிரித்தார். அன்றைக்கு முதல் தடவை. "புரட்டாதி முடிஞ்சா கந்தசட்டி. அது முடிஞ்சா பிள்ளையார்கதை. பிறகு திருவெம்பாவை. உம்மட விரதம் எல்லாம் முடியப் பிள்ளைக்குப் பென்ஷன் வந்திடும்."

"நான் கந்தசட்டி மட்டுந்தான் சொன்னனான்."

"அப்ப ஓமோ அம்மா?"

"ஓமெண்டு ஆர் சொன்னது? கந்தசட்டி முடியட்டும் எண்டுதான் சொன்னனான்."

எங்கள் அம்மாவிடம் இதைவிடப் பெரிய ஓம் கிடைக்காது. எனக்குத் தெரியும்.

அப்பாவை வேலையில் இறக்கிவிட்டு, காரில் இருந்தே கம்பனிக்கு மெயில் எழுதினேன். ஒரு கிழமை பிந்தித் தொடங்கலாமா? காரணம் என்ன எழுதுவது? முருகன் சூரனோடு சண்டைபிடித்து முடிய வேண்டும் என்று எழுத முடியாதே. குடும்பக் காரணம் என்று எழுதினேன், அழித்தேன், சமயக் காரணம் என்று எழுதினேன், அழித்தேன், இரண்டையும் எழுதி அனுப்பினேன். சனிக்கிழமை பின்னேரம் வேலைக்காக மெயில் பார்க்கிற வெள்ளைக்காரர் இந்த நாட்டில் இல்லை.

நேற்று முழுக்கப் பதில் இல்லை. அம்மா பூசணி இலை வறை வறுத்தார். லீட்ஸ் என்ற சொல்லை என்னிடம் எடுக்கவே இல்லை. ஆனால் நான் படியில் இறங்கி வரும்போது, ஈஸ்ட் ஹாமில் இருக்கிற சின்னம்மாவோடு போனில் கதைப்பது கேட்டது. "ஓமோம், பாலம். இல்லையடி, கட்டுறதில்லை. கட்டினது சரியோ எண்டு பாக்கிறது. கட்டினவனை விடப் பெரிய ஆள்."

கேட்டதும் கால் படியிலேயே நின்றுவிட்டது.

இன்றைக்குக் காலை ஒன்பதுக்கே கம்பனிக்குப் போன் அடித்தேன். பொறுப்பானவர் மீட்டிங்கில் இருக்கிறாராம், மெயிலைப் பார்ப்பாராம். பத்தரைக்கு அடித்தேன். அதே மீட்டிங். பழைய திகதிக்குக் கையெழுத்துப் போட்டால் அம்மாவின் ஓம் போய்விடும். போடாவிட்டால் வேலை போய்விடும். போனைக் கவிழ்த்து வைத்தேன், நிமிர்த்தி வைத்தேன், குசினியை இரண்டுதரம் துடைத்தேன், கை சும்மா இருக்காமல் இதை அடித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா வேலைக்குப் போய்விட்டார். அப்பா மேலே நித்திரை.

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. பதில் இன்னும் வரவில்லை.