எனக்குக் கிடைக்காத வாய்தா

பெருமாளை நம்புகிற எல்லோருக்கும் நமஸ்காரம். நான் சித்தூர் கோர்ட்டில் வக்கீல். இந்தச் சனிக்கிழமை பஜனைக்கு வருகிற நீங்கள் எல்லோரும் பெருமாளிடம் கேட்டது கிடைத்த கதையைச் சொல்கிறீர்கள். எனக்குக் கேட்டது கிடைக்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆந்திரா தனி ராஜ்யமான புதிதில் மெட்ராஸில் சட்டம் படித்துவிட்டு ஊர் திரும்பினேன். கோர்ட்டில் பெண் வக்கீல் நான் ஒருத்திதான். நான் ஜூனியராகச் சேர்ந்த சீனியர் வக்கீல் கோர்ட்டுக்குள் எனக்குக் கொடுத்தது ஒரே வேலை. எழுந்து நின்று வாய்தா கேட்க வேண்டும், அதாவது கேஸை வேறொரு நாளைக்குத் தள்ளிப்போடச் சொல்ல வேண்டும். மனு எழுதுவது நான், வாதாடுவது அவர். வக்கீல்கள் அறையில் எனக்கு நாற்காலி கிடையாது. வராண்டாவில், கேஸுக்கு வந்த கட்சிக்காரப் பெண்களோடு உட்காருவேன். பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததால் சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்க மாட்டேன். "வாய்தாம்மா வந்துட்டாங்க" என்று பியூன்கூடச் சிரிப்பான். பற்றிக்கொண்டு வரும். அந்தக் கோபத்தை வீட்டில் நைனாமேல், என் அப்பாமேல் காட்டுவேன், பாவம்.

அப்போதுதான் வீட்டைக் கேட்டு முனியம்மா போட்ட கேஸ் எங்களிடம் வந்தது. திருத்தணிப் பக்கத்து கிராமம். புருஷன் செத்துக் காரியமெல்லாம் முடிந்ததும் அவன் அண்ணன் அவளை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டான். அவள் என்றைக்கோ என் தம்பியை விட்டுப் போனவள், எங்களுக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தான். அவள் யாருடைய மாட்டுக்கொட்டகையிலோ படுத்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தாலுகா ஆந்திராவுக்கா மெட்ராஸுக்கா என்று அப்போது பெரிய தகராறு. எல்லை முடிவாகட்டும், பிறகு கேஸை நடத்தலாம் என்பார் எதிர்த்தரப்பு வக்கீல். என் சீனியரும் தலையாட்டுவார். நான் எழுந்து வாய்தா கேட்பேன். ஒருநாள் முனியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாமா, எத்தினி வாட்டிதான் வந்துகினு போறது? எல்லை எங்க வேணா போவட்டும். என் வூடு அங்கியேதான கீது?"

அந்த வாரமே திருப்பதி மலை ஏறிப் போய்ப் பெருமாளிடம் சண்டை போட்டேன். "வாய்தா வாங்கவா என்னைப் படிக்க வெச்சே? ஒரு கேஸாவது என் கையில கொடு. இல்லேன்னா இந்தக் கறுப்புக் கோட்டைக் கழட்டிடறேன்." அவர் பாட்டுக்கு நின்றார். இன்னும் கோபத்தோடு இறங்கி வந்தேன்.

அடுத்த தடவை கேஸ் வந்தபோது சீனியர் எல்லைக் கூட்டத்துக்குத் திருப்பதி போய்விட்டார். வாய்தா வாங்கும்படி குமாஸ்தாவிடம் சொல்லியனுப்பியிருந்தார். வந்திருப்பதோ புது ஜட்ஜ். முன்கோபி என்று பேச்சு. "பெருமாளே, இன்னைக்கு ஒருநாள் வாய்தா வாங்கிக் கொடுத்துடு" என்று வேண்டிக்கொண்டு எழுந்தேன்.

"முடியாது" என்றார் ஜட்ஜ். "நீங்களே நடத்துங்க. இல்லேன்னா தள்ளுபடி பண்ணிடுவேன்."

இதைக்கூடவா கொடுக்க மாட்டாய் என்று பெருமாளை மனசுக்குள் திட்டினேன். அழுகை வந்தது. திரும்பினால் முனியம்மா என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வராண்டாவில் அவள் அழுதுகொண்டே சொன்ன ஒரு விஷயம் அப்போது ஞாபகம் வந்தது. சாட்சிக் கூண்டில் நின்ற அவள் புருஷனின் அண்ணனிடம் கேட்டேன்.

"உங்க தம்பி செத்த பத்தாம் நாள், முனியம்மாவோட தாலியைக் கழட்டி வாங்கின சடங்கு எங்க நடந்தது?"

"எங்க வூட்லதான்! வேற எங்க நடக்கும்? நாங்க இன்னா மானங்கெட்டவங்களா?"

"புருஷனை விட்டுப் போனவளுக்கு நீங்க ஏன் அதை நடத்தினீங்க?"

ஜட்ஜ் பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். என் சீனியர் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. அவர் வராண்டாவில் உட்கார்ந்தவர் இல்லை.

முனியம்மாவுக்கு வீடு கிடைத்தது. பிறகு எல்லை முடிவாகி அவள் ஊர் மெட்ராஸ் பக்கம் போனது. அவள் அடுப்பு அதே இடத்தில் எரிகிறது. நான் சீனியரிடம் சொல்லிக்கொண்டு வெளியே வந்து தனியாகத் தொழில் நடத்துகிறேன். என்னிடம் ஜூனியராகச் சேர்ந்த பெண்ணுக்கு முதல் மாதமே சாட்சியை விசாரிக்கக் கொடுத்தேன். பெண்களுக்கு ஒரு அறை கேட்டுக் கொடுத்த மனு மட்டும் இன்னும் நகரவில்லை. அதற்கும் மலையில் போய்ச் சண்டை போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

நீங்களும் கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடு கேளுங்கள், அவர் தாங்குவார். முடியாது என்று அவர் சொன்னால் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். அன்றைக்கு உங்களைத்தான் பேசச் சொல்கிறார்.