கேட்டுக்கு அந்தப் பக்கத்து அத்தான்

ஷார்ஜாவில் ஒரு பூங்கா, புல்தரையில் மூன்று பாய்கள். முதல் பாயில் நாங்கள். நடுப்பாயில் புதுக் காலேஜ்காரர்கள். கழிப்பறைக்குப் போகிற பாதையை ஒட்டிய கடைசிப் பாயில் கேட் காலேஜ்காரர்கள். இப்படித்தான் உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் பல்கலைக்கழகப் பழைய மாணவர் சந்திப்பில் வருஷா வருஷம் தானாகவே அப்படி அமைந்துவிடும். மூன்று பாய்க்கும் பிரியாணி ஒரே அண்டாவிலிருந்துதான் வந்தது. கடைசிப் பாயில் சம்மணம் போட்டிருந்த என் அத்தான், என் அக்காவின் கணவர், எனக்குக் கையை ஆட்டி, "மாப்ள, இங்க வா, தால்ச்சா சூடா இருக்கு" என்று கூப்பிட்டார். நான் காதில் விழாதவனைப் போலத் தலையைத் திருப்பிக்கொண்டேன். பக்கத்திலிருந்த சீனியர் "யார் அது?" என்று கேட்டார். "ஷார்ஜாவில் தெரிந்தவர்" என்றேன். என் அக்காவுக்குத் தாலி கட்டியவர் எனக்குத் தெரிந்தவராம்!

எங்கள் பல்கலைக்கழகத்தைச் சொன்னால் தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் நாற்காலி எடுத்துப் போடுவார்கள். அதற்குள் மூன்று காலேஜ்கள் இருப்பது வெளி ஆட்களுக்குத் தெரியாது. எங்களுக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. மணிக்கூண்டு நிற்கிற பழைய கட்டடம் எங்களுடையது. சாலைக்கு எதிரே புதுக் காலேஜ். ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனால் கேட் காலேஜ். ஒரே வினாத்தாள், ஒரே பட்டமளிப்பு விழா, சான்றிதழில் ஒரே துணைவேந்தரின் கையெழுத்து. ஆனாலும் கேட்டுக்கு அந்தப் பக்கம் படித்தவன் எங்களுக்கு அரை இன்ஜினியர்தான். வளைகுடாவுக்கு வந்த பிறகாவது இந்தப் பைத்தியம் தெளிந்திருக்க வேண்டும். என் லெபனான் மேனேஜருக்குச் சென்னைக்கும் கொச்சிக்கும் வித்தியாசம் தெரியாது. அவரிடம் மணிக்கூண்டைப் பற்றி என்ன பீற்றிக்கொள்ள? ஆனால் இங்கே வந்துதான் எங்களுக்கு முற்றியது. பொதுவான வாட்ஸ்அப் குரூப் போதாதென்று மணிக்கூண்டுக்காரர்களுக்கு மட்டும் தனி குரூப் தொடங்கினோம். வேலை காலியிடங்கள் முதலில் அதில்தான் வரும். மூன்று நாள் நம் ஆட்கள் பார்த்து முடித்த பிறகே பொதுக் குரூப்புக்குப் போக வேண்டும் என்று விதி. அந்த விதியை எழுதிய மகானுபாவன் நான். அட்மினும் நானே.

அத்தான் ஷார்ஜாவில் ஒரே கட்டுமான கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் பிளானிங் இன்ஜினியராக இருந்தார். ஒருநாள் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். விசா ரத்தானால் நாட்டில் இருக்கக் கொஞ்ச நாள் அவகாசம் கொடுப்பார்கள். அதற்குள் வேறு கம்பெனி கிடைக்காவிட்டால் குடும்பத்தோடு கிளம்ப வேண்டியதுதான். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பொதுத் தேர்வுக்கு நான்கு மாதம் இருந்தது. கிளம்பினால் அவளுக்கு ஒரு வருஷம் போய்விடும். ஐம்பத்தொரு வயதில் அவர் தினமும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, துபாயிலும் அஜ்மானிலும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். "பயோடேட்டாவக் குடுத்துட்டுப் போங்க, பார்க்கலாம்" என்பதற்கு மேல் எங்கும் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. போகப் போக அவர் முகம் சிறுத்துக்கொண்டே வந்தது.

அவகாசத்தில் பாதி நாள் கரைந்த பிறகு அக்கா போன் செய்தாள். "ஏல, ஒங்க குரூப்புல நெறைய வேலை வருதாம்லா. அவுகளயும் அதுல சேத்து விடு. வேற ஒண்ணும் கேக்கல." நான் இழுத்தேன். "அது எங்க காலேஜுக்கு மட்டும் உள்ளதுக்கா." "அவுகளும் அந்த யூனிவர்சிட்டிதான? அதச் சொல்லித்தானல அப்பா என்னயக் கெட்டிக் குடுத்தாக?" என்றாள். மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போய், அவர் எதிரிலேயே உட்கார்ந்து குரூப்பில் சேர்த்தேன். "எதுவும் எழுதாதீங்க அத்தான். சும்மா பாத்துக்கிட்டு இருங்க, வேலை வந்தா எங்கிட்ட சொல்லுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். "சரி மாப்ள, சரி மாப்ள" என்று குழந்தையைப் போலத் தலையாட்டினார்.

நான் துபாய் வந்து சேர்வதற்குள் எழுதிவிட்டார்! புதிதாகச் சேர்பவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதுதான் மரியாதை என்று நினைத்திருக்கிறார். பெயர், படித்து முடித்த வருஷம், கேட் காலேஜ் என்று மறைக்காமல் ஒரு வரி, பிளானிங்கில் இருபத்திரண்டு வருஷ அனுபவம், உடனே சேரத் தயார், போன் நம்பர். கடைசியில், "நம்ம யூனிவர்சிட்டி பிள்ளைகள் எல்லாரையும் ஒரே இடத்தில் பார்ப்பது சந்தோஷமாக இருக்கிறது." அதற்குக் கீழே ஒருவர் எழுதினார்: "அட்மின், கேட் திறந்து கிடக்கு போலிருக்கே?" அவ்வளவுதான். அடுத்தடுத்து சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன. எனக்குக் காது சுட்டது. இவர் என் அத்தான், வேலை இல்லாமல் தவிக்கிறார், பார்த்துச் செய்யுங்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்தக் கூட்டத்தில் பலர் நல்லவர்கள்தான். யாராவது ஒருவர் இரங்கியிருப்பார். என் வேலைக்கு ஆபத்து என்று பயந்தேன் என்றாலாவது ஒரு நியாயம் இருக்கும். அதுவும் இல்லை, வெறும் வெட்கம். என் குடும்பத்தில் ஒரு கேட்காரர் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்கிற கேவலமான வெட்கம். காரை ஓரம் கட்டி, அத்தானைக் குரூப்பிலிருந்து நீக்கினேன்.

மாலையில் அக்கா கூப்பிட்டாள். "என்னல பண்ணுன? அவுக போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காக. சாப்பிடவும் இல்ல." விதி, சீனியர்கள், அது இது என்று என்னவோ உளறினேன். வருகிற வேலையை நானே அனுப்பிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அபுதாபியிலிருந்து ஒரு காலியிடம் வந்தது. பிளானிங் இன்ஜினியர், இருபது வருஷ அனுபவம், உடனே வேண்டும். அத்தானுக்கென்றே அளவெடுத்தது போல இருந்தது. அன்றே அனுப்பியிருக்கலாம். மூன்று நாள் ஆகட்டும், நான் போட்ட விதியை நானே மீறினால் நாளைக்கு யாராவது கேட்பார்கள் என்று வைத்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் அத்தான் அந்த அலுவலகத்துக்குப் போனபோது, முந்தின நாளே ஆள் எடுத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவகாசம் முடிகிற அன்று நான்தான் அவர்களை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். மகள் பாடப் புத்தகங்களைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அழுதபடியே வந்தாள். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தான் மட்டும் என் தோளைத் தட்டி, "நீ என்ன செய்வ மாப்ள, ஒன்னால ஆனதச் செஞ்ச" என்றார். அவர் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

போன மாதம் லீவில் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தேன். மகள் ஒரு வருஷம் பின்தங்கிப் பரீட்சை எழுதி, இப்போது கல்லூரியில் இருக்கிறாள். அத்தான் ஒரு கான்ட்ராக்டரிடம் சிமெண்ட் மூட்டை வரத்தைப் பார்த்துக்கொள்கிறார். சட்டைப் பையில் இரண்டு போன். ஒன்று பழையது, கண்ணாடி விரிசல் விட்டது. அக்கா காபியை என் முன்னால் வைத்துவிட்டு அலுத்துக்கொண்டாள். "அந்தத் துபாய் நம்பர் செத்துறக் கூடாதுன்னு இன்னும் ரீசார்ஜ் பண்ணுதாக. கேட்டா வாயத் தொறக்க மாட்டாக."

அவள் உள்ளே போனதும் நான் கேட்டேன். அத்தான் பழைய போனை எடுத்துத் துடைத்து, எங்கள் குரூப்பைத் திறந்து காட்டினார். அவர் எழுதிய அறிமுகம் அப்படியே இருந்தது. அதன் கீழே அந்த நையாண்டி, சிரிப்புப் பொம்மைகள், கடைசியில் "மாப்ள உங்களை நீக்கினார்" என்ற வரி. "நம்பர் குடுத்திருக்கேம்லா மாப்ள. இன்னைக்கும் அந்தக் குரூப்புல எல்லார்ட்டயும் அது இருக்கும். என்னைக்காவது ஒருத்தர் தேடிப் பாத்துட்டுக் கூப்பிட்டா, நம்பர் வேலை செய்யலன்னு வந்துறக் கூடாது பாரு" என்றார்.

யாரிடமும் அது இல்லை. அன்று அவரை நீக்கிய கையோடு, அவர் எழுதியதையும் அட்மின் என்ற முறையில் எல்லோருடைய போனிலிருந்தும் அழித்துவிட்டேன். அதற்கு முன்பே அவரை வெளியேற்றிவிட்டதால் அவர் போனில் மட்டும் அது தங்கிவிட்டது. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அத்தான் அந்தப் போனை என் கையில் கொடுத்து, "சார்ஜ் கொறஞ்சிருச்சி, அந்த மூலைல போட்டு வை மாப்ள" என்றார். போட்டு வைத்தேன்.